ஊழியம் என்னும் சொல்

சமணமும் பௌத்தமும் தமிழுக்குக் காப்பியங்கள் தந்தன. சைவமும் வைணவமும் பதிகமும் பாசுரமும் தந்தன. இசுலாம் சீறாப்புராணம் தந்தது. கிறித்தவம் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் தந்தது. இவ்வரிசையைச் சங்க மேடைகளில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். எச்சமயத்தார் எந்நூல் தந்தனர் என்று கணக்கெடுப்பது எளிது. அந்நூல்கள் நம் அன்றாட வாழ்வில் என்ன செய்தன என்று கேட்பது அத்துணை எளிதன்று. அக்கேள்வியைக் கிறித்தவத் தமிழை நோக்கிக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயேசு பெருமானை ஆண்டவராக ஏற்போரும் நம்மிடையே உளர். உயர்ந்த அறவோராக மதிப்போரும் உளர். இரு திறத்தாருக்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. அவர் போதனையின் பெரும்பகுதி வழிபாட்டு மண்டபத்துக்குரியதன்று. வீட்டுக்கும் வயலுக்கும் சந்தைக்கும் உரியது. உப்பு, விளக்கு, புளித்த மா, கிழிந்த ஆடையில் போடும் ஒட்டு, விதைப்பவன், வலை வீசுபவன், கூலியாள், கடன்காரன் ஆகிய இவையே அவர் கையாண்ட பொருள்கள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண்ணொருத்தி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். இதைக் கேட்ட கலிலேய நாட்டு மக்களுக்கு உரையாசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

கணக்கில் ஒளிந்த அறம்

எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரியும் நம்மைப் போன்றோர்க்கு அவர் கூறிய உவமைகளுள் ஒன்று தனிச்சுவை தருவது. அரசன் ஒருவனுக்கு அவன் பணியாளன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். காலில் விழுந்து கெஞ்சவே அரசன் அதனை முழுவதும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த அப்பணியாளன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்பணியாளன் ஒருவனைக் கண்டு, கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையில் அடைத்தான்.

இக்கதையைப் பலகாலும் கேட்கிறோம். தொகையை மட்டும் கூட்டிப் பார்ப்பதில்லை. அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் என்பது கூலியாள் ஒருவனின் ஒருநாள் ஊதியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆகவே முதற்கடன் 6 கோடி வெள்ளிப்பணம். ஒரு கூலியாள் நாள் தவறாமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாங்கடனோ மூன்று மாதச் சொச்சத்துக் கூலி. ஒன்றுக்கு மற்றொன்று ஆறு லட்சம் மடங்கு. மன்னிப்பைப் பற்றிப் பத்து விரிவுரை நிகழ்த்துவதினும் இந்த விகிதம் மிகுதியாகப் பேசுகிறது. எனினும் நூறு வெள்ளிப்பணம் அற்பத்தொகை என்று உவமை கூறவில்லை என்பதையும் கருத வேண்டும். ஏழையொருவனுக்கு மூன்று மாதச் சம்பளம் பெரிய தொகையே. நமக்குப் பிறர் இழைத்த தீங்கு உண்மையானது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மன்னிக்கச் சொல்கிறது உவமை. ஆகவேதான் அது கடினமான போதனையாக இருக்கிறது.

இத்தகைய போதனை தமிழுக்கு வந்தபோது எச்சொற்களை உடுத்து வந்தது? 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் பலர் திருத்தியும் புதுக்கியும் வந்துள்ளனர். அம்மொழிபெயர்ப்புகளால் தமிழில் ஆழமாக ஊன்றிய சொற்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது ‘ஊழியம்’ என்பது.

ஒரு சொல்லின் மூன்று வாழ்வு

‘ஊழியம்’ என்றதும் கிறித்தவர் மனத்தில் திருப்பணி தோன்றும். போதகர் செய்வது ஊழியம். நோயாளரைக் காண்பதும் ஊழியம். அரசு அலுவலகங்களில் இருக்கும் நமக்கோ அச்சொல் நம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: நாம் அரசு ஊழியர். மூன்றாவது பொருளொன்றும் உண்டு. இன்றைய குமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலி கொடாமல் வாங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்பதே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தென்திருவிதாங்கூரில் பணிபுரிந்த லண்டன் மிஷன் சங்கத்தார் இவ்வூழியத்தை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. ஆக, ஒருவன் முதுகில் ஏற்றப்பட்ட சுமைக்கும், ஒருவன் உவந்து செய்யும் இறைத்தொண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்.

இஃது எதிர்பாராது நேர்ந்த பொருத்தமாயினும், பொருள் நிறைந்த பொருத்தம். ஒருவன் இரு எஜமானர்க்குப் பணிசெய்ய இயலாது என்னும் இடத்திலும், தாம் பணிவிடை பெறவன்று செய்யவே வந்ததாக இயேசு கூறும் இடத்திலும், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இச்சொல்லையே ஆள்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் பணிவிடை, தொண்டு என்ற சொற்களைக் கொண்டது. தமிழ் நயம் நோக்கினால் தொண்டு என்பது அழகிய சொல். நாயன்மார் வரலாற்றால் மணம் பெற்ற சொல். ஆயினும் ஊழியம் என்ற சொல்லில் இருந்த வியர்வை நாற்றம் அதில் இல்லை. இழிந்தவன் மேல் சுமத்தப்பட்ட வேலையின் பெயரைத் தலைவர் தாமே எடுத்து அணிந்துகொண்டார் என்ற செய்தி பழைய சொல்லில்தான் இருந்தது.

இதே சொல்லைக் கொண்டு மலைப்பொழிவின் ஒரு கட்டளையைப் பார்ப்போம். உன்னை ஒருவன் ஒரு மைல் தூரம் வரும்படி வற்புறுத்தினால் அவனோடு இரண்டு மைல் செல் என்கிறார் இயேசு. உரோமைப் படைவீரன் வழியில் போவோரைப் பிடித்துச் சுமை தூக்கச் செய்யலாம் என்பது அந்நாளைய வழக்கம். கட்டாயப்படுத்துதலைக் குறிக்க இவ்விடத்தில் கிரேக்க மூலம் ஆளும் வினைச்சொல்லே, பின்னர்ச் சிரேனே ஊரானாகிய சீமோன் என்பவனை இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் செய்த இடத்திலும் வருகிறது. அதாவது இக்கட்டளை பிறந்த இடம் கூலியில்லா ஊழியம் நிகழ்ந்த தெருவே. முதல் மைல் அவனுடைய ஆணை. இரண்டாம் மைல் என்னுடைய விருப்பம். சுமப்பவன் தன் மானத்தை மீட்டுக்கொள்ளும் வழி இது.

காப்பியங்கள் செய்ததும் செய்யாததும்

இவ்வன்றாட அறத்தைத் தமிழ்க் காப்பியங்களில் தேடுவோம். இத்தாலியில் பிறந்து தமிழ் மண்ணில் வாழ்ந்து மறைந்த வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருநூல். இதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை. வளன் என்று அழகிய தமிழ்ப்பெயர் பெறுகிறார். தச்சுத் தொழிலாளி ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது துணிவான செயல். தன்னேரில்லாத் தலைவனைத் தேடும் காப்பிய மரபில் உளியும் இழைப்புளியும் பிடித்த கை ஒன்று நுழைந்தது. எனினும் மரபு தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. நாட்டுவளமும் நகரவளமும் மலையும் ஆறும் விரிந்து பரந்து கண்ணை நிறைக்கின்றன. தச்சுப் பட்டறை அவ்வொளியில் சற்றே மங்கித் தெரிகிறது. தாவீது மன்னனின் குலத்தோன்றல் நம் நினைவில் நிற்கும் அளவுக்கு, நாட்கூலிக்குக் கதவு செய்து கொடுத்தவர் நிற்பதில்லை.

‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றப்படும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவ மரபில் தோன்றியவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894-இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது. பனியன் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த தொழிலாளி. அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றியதற்காகச் சிறை சென்றவர். அவருடைய உரைநடை தெருவில் பேசிய மொழி. அக்கதை நம் கவிஞர் கையில் கம்பன் நடையில் பட்டும் பீதாம்பரமும் பூண்டது. மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளை அவர் விரித்துப் பாடிய பகுதி, தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அங்கே நாம் அழுகிறோம், உருகுகிறோம்.

உருகியபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்நூலில் விடை குறைவு. இதைக் குற்றமாகக் கூறவில்லை. யாத்திரிகன் உலகை விட்டுப் புறப்படுபவன். அவனுக்கு வீட்டு வாடகையும் பலசரக்குக் கடைப் பாக்கியும் இல்லை. காப்பியத்துக்கு அவன் போதும். நாள்தோறும் உலகுக்குள்ளேயே போய்வர வேண்டியவனுக்கு வேறொரு வகை எழுத்து தேவைப்படுகிறது.

முன்சீபின் தமிழ்

அவ்வெழுத்தைத் தந்தவர் நம்மைப் போல் அரசு ஊழியராக இருந்த ஒருவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் பணியில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தவர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழ் நாவலின் தந்தை என்று பெயர் பெற்றார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1859-இல், நீதிநூல் வெளியிட்டார்.

கத்தோலிக்கராகிய அவர் இந்நூலில் இயேசுவின் பெயரை முன்னிறுத்திப் போதிக்கவில்லை. தமிழ் நீதிநூல் மரபில் நின்று பொய், சினம், புறங்கூறல் முதலியவற்றைக் கடிகிறார். இலஞ்சம் வாங்குவோரை அவர் சாடும்போது குரலில் ஏறும் சூடு, நீதிமன்ற வராந்தாவை நேரில் கண்டவரின் சூடு. பெண்கல்விக்காக வாதாடுகிறார். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடியபோது, எச்சமயத்தாரும் தயங்காது பாடும்படி கடவுளைப் பொதுப்பெயர்களால் அழைத்தார். 1876–78 பெரும் பஞ்சத்தைக் கண்டு அவர் பாடிய கீர்த்தனைகளில் பசித்தவன் குரலே ஒலிக்கிறது. அப்பஞ்சத்தில் தம் பொருளை வழங்கி அவர் உதவியதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் பாராட்டினார் என்பது இலக்கிய வரலாறு.

இங்கே விவிலியத்தின் இரு பகுதிகளை நினைவுகூர்தல் தகும். ஆயம் வசூலிப்போரும் படைவீரரும் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டனர். விதித்ததற்கு மேல் வாங்காதீர், மிரட்டிப் பறிக்காதீர், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்பது அவர் விடையின் சாரம். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எரிகோ ஊரில் ஆயக்காரர் தலைவனாயிருந்த சகேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றபோது, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் கூறினான். அவன் மனமாற்றத்துக்குச் சாட்சி கண்ணீரன்று, கணக்கு. வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல் இந்தச் சகேயுவின் வீட்டு முற்றத்தில் நிற்கும் நூல். இயேசுவின் பெயரைக் குறைவாகச் சொல்லி, அவர் போதனையை மிகுதியாகச் சொல்கிறது. கிறித்தவ இலக்கியப் பட்டியல்களில் காப்பியங்களுக்குப் பின் ஒருவரியில் இதனைக் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவது முறையன்று என்பது நம் துணிபு.

கவிதை நயத்தில் நீதிநூல் மேற்சொன்ன காப்பியங்களுக்கு ஈடாகாது. சில பாடல்கள் செய்யுளாக்கிய அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் இலக்கியத்தை எடைபோட நயம் ஒன்றே படிக்கல் ஆகாது.

பிற்காலத்தார் இருவரையும் சுருக்கமாகக் காண்போம். பாரதியார் இயேசுவைப் பாடியபோது சிலுவையை உண்மை என்றும், மக்தலேனா மரியாளை அன்பு என்றும் தத்துவமாகப் பொருள் கண்டார். சிறிய பாடல், ஆழ்ந்த நோக்கு. 1981-இல் மறைந்த கவிஞர் கண்ணதாசனின் இயேசு காவியம் 1982-இல் வெளிவந்தது. எளிய சொற்களில் இயேசுவின் வாழ்வை ஓடவிட்ட அந்நூல், புலவர் வீட்டு அலமாரியிலிருந்து காப்பியத்தைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. உவமைகளைச் சொல்லும் இடங்களில் திரைப்பாடல் எழுதிப் பழகிய கை அவருக்கு நன்கு உதவியது.

குறளோடு ஒப்பிடுகையில்

இயேசுவின் அறத்தைப் பேசும் தமிழர் திருக்குறளை நாடாமல் இருப்பதில்லை. 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், மயிலாப்பூரில் வாழ்ந்த கிறித்தவ ஆசிரியர்களிடமிருந்து வள்ளுவர் கேட்டிருக்கக் கூடும் என்று கருதினார். அதற்குச் சான்றில்லை. ஒப்பிடுதல் வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. ஒப்பிட்டால் இரண்டும் தெளிவு பெறும். தீங்கு செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்து, தீமை நன்மை இரண்டையும் மறந்துவிடுக என்பது வள்ளுவர் நெறி. இது சான்றோரின் நெறி; பெருந்தன்மையில் ஊன்றியது. பகைவரை நேசிக்கச் சொல்லும் இயேசு அதற்குக் காட்டும் காரணம், நல்லார்க்கும் தீயார்க்கும் ஒன்றாய்க் காயும் கதிரவனும் ஒன்றாய்ப் பெய்யும் மழையும். தந்தையின் இயல்பு அதுவாயின் பிள்ளையின் இயல்பும் அதுவாகட்டும் என்பது அவர் வாதம். பகைவன் நாணினாலும் நாணாவிட்டாலும் மழை பெய்கிறது. இரு பேரறங்களும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வாயிலில் நிற்பதைக் காண்பதே தமிழ் மாணவனுக்குப் பேறு; யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கு வீண்வழக்கு.

தினத்தியான நூல்கள்

இறுதியாக, இன்று மிகுதியாகப் படிக்கப்படும் வகைக்கு வருவோம். நாளுக்கு ஒரு பக்கமாக, ஒரு வசனம், ஒரு சிறு நிகழ்ச்சி, ஒரு விளக்கம், ஒரு வேண்டுதல் என்று அமையும் தினத்தியான நூல்கள் அவை. விடியற்காலையில் அடுப்பில் பால் பொங்குமுன் படித்துவிடலாம். இலக்கிய விமரிசகர் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்தல் வேண்டும் என்கிறோம். தேம்பாவணியைப் படித்த கிறித்தவக் குடும்பங்களினும் இத்தகைய நூலைப் படித்த குடும்பங்களே மிகுதியாக இருக்கும். பலருடைய தமிழ் நடையும் மனவமைதியும் இவற்றால் உருவாயின. தனிமையிலும் நோயிலும் கிடப்போர்க்கு இவை செய்த உதவி சிறிதன்று.

எனினும் இவற்றில் பலவற்றைத் தொடரும் குறை ஒன்றுண்டு: போதனை யாரை நோக்கியதோ அவரைவிட்டு மற்றவரை நோக்கித் திருப்பப்படுகிறது. இரண்டாம் மைல் உவமானத்தையே காண்க. மேலதிகாரி கூடுதல் வேலை தந்தால் முகம் சுளிக்காதே என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்ல அது பயன்படுகிறது. இயேசு படைவீரனை நோக்கி, அவனை இரண்டு மைல் நடத்து என்று கூறவில்லையே! சுமப்பவன் தானே உவந்து கொடுக்கக் கூடியதைச் சுமத்துபவன் உரிமையாகக் கேட்கும்படி ஆக்கினால், ஊழியம் மீண்டும் திருவிதாங்கூர் ஊழியமாகிவிடும். ஏழைகள் பேறுபெற்றோர் என்பதும் அவ்வாறே. ஏழை பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு அது மேற்கோளாகிறது. லூக்கா தரும் வடிவில் அதனைத் தொடர்ந்து செல்வரை நோக்கி எழும் எச்சரிக்கையோ பக்கத்தில் இடம் பெறுவதில்லை.

திராட்சத் தோட்டக் கூலியாட்கள் கதை மற்றொன்று. காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணியளவில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி தருகிறார். இறைவன் அருளுக்கு அளவில்லை என்று தியானம் முடிகிறது, அது சரியே. ஆனால் அம்மனிதர்கள் ஏன் மாலைவரை சந்தையில் நின்றனர் என்று கதையே கேட்கிறது. ஒருவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்பது அவர்கள் விடை. அந்த ஒரு வெள்ளிப்பணம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு. தாமதமாக அழைக்கப்பட்டவன் வயிறும் முழுநாள் பசிக்கும் வயிறுதான் என்பதை உணர்ந்த முதலாளி அவர். தோட்டமும் வீட்டுவேலைக்காரியும் காவலாளியும் உடைய வாசகன் ஒருவன் இக்கதையை அவ்வாறு படிக்க நேர்ந்தால், அன்றைய தியானம் ஒரு பக்கத்தோடு முடியாது.

ஆகவே இத்தகைய நூலை மதிப்பிட நாம் கொள்ளத்தக்க உரைகல் எளியது. படித்து முடித்தபின் என் மனம் இலேசானதா என்று மட்டும் பாராமல், என்னிடம் வேலை செய்பவர் சுமை இலேசாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். ஆறுதல் தருவது நூலின் நற்பண்பே. ஆறுதல் யாருக்கு, கட்டளை யாருக்கு என்பதை மாற்றிவைக்காமல் தருவதே நூலின் நேர்மை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வகை எழுத்தின்பால் தனிப்பொறுப்பு உண்டு. பிறந்த ஊரின் கோயிலும் தேவாலயமும் தொலைவில் இருக்க, நம் சமயம் பெரும்பாலும் வீட்டு அலமாரியில் உள்ள சில நூல்களாலும், அலுவலக மேசைமேல் நாம் நடந்துகொள்ளும் முறையாலும் உயிர்வாழ்கிறது. காப்பியங்களை விழாக்களில் போற்றுவோம். அவற்றின் பக்கத்தில் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலையும் எடுத்து வைப்போம். இயேசுவின் போதனையைப் பற்றித் தமிழில் இனி எழுதுவோர், அந்த முன்சீபைப் போல், கோப்பும் கூலியும் கடனும் நிறைந்த நடுவீதியில் நின்று எழுதட்டும். ஓய்வூதியம் கேட்டு நம் மேசைமுன் காத்து நிற்கும் முதியவளின் தாளை இன்றே மேலே அனுப்புவதும் ஊழியமே என்று அவ்வெழுத்து நமக்குச் சொல்லுமாயின், கிறித்தவத் தமிழ் இன்று செய்யவேண்டிய வேலையைத் தொடங்கிவிட்டது எனலாம்.